உறவு என்னும் சொல்லின் வேர்

(திருவிழா நாளன்று நமது ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டுத் திருவிழாவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டார்கள். "உறவு" என்னும் சொல்லைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "ஒரே ஒரு சொல்லைப் பற்றி அரை மணி நேரமா?" என்று அவர் வியந்தார். அருகில் இருந்த பொருளாளர் அவர்கள், "வரவு செலவுக் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன்" என்று நகைத்தார். அவர் விளையாட்டாகச் சொன்னதிலேயே என் பேச்சிற்குரிய தொடக்கம் கிடைத்துவிட்டது. அதற்காக அவருக்கு முதலில் நன்றி கூறுகிறேன்.

வரவு, செலவு, உறவு ஆகிய மூன்று சொற்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வரு என்னும் வினையோடு "அவு" என்னும் ஈறு சேர்ந்து வரவு ஆயிற்று. செல் என்பதோடு சேர்ந்து செலவு ஆயிற்று. உறு என்பதோடு சேர்ந்து உறவு ஆயிற்று. வருவது வரவு, செல்வது செலவு, உறுவது உறவு. வரவையும் செலவையும் நாம் ஆண்டுதோறும் கணக்கெழுதி, தணிக்கை செய்து, பொதுக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெறுகிறோம். மூன்றாவதாகிய உறவிற்கு மட்டும் கணக்கேடும் இல்லை, தணிக்கையாளரும் இல்லை. இன்று ஒரு நாளாவது அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்ப்போமே என்பதுதான் என் எண்ணம்.

சொல்லின் வேர்

"உறு" என்றால் என்ன? அடைதல், சேர்தல், தொடுதல், நேர்தல், அனுபவித்தல் என்று அதற்குப் பல பொருள்கள் உண்டு. துன்பமுற்றான், மகிழ்வுற்றாள், நோயுற்றார் என்று நாம் சொல்கிறோம். ஒன்று நம்மை வந்து தொடுவதையே உறுதல் என்கிறோம். இந்த வேரிலிருந்து கிளைத்த சொற்களை எண்ணிப் பாருங்கள். உடலோடு சேர்ந்திருப்பது உறுப்பு. ஒரு சங்கத்தோடு சேர்ந்திருப்பவர் உறுப்பினர். அசையாமல் பொருந்தி நிற்பது உறுதி. துன்ப வேளையில் அருகில் நிற்பவர் உற்ற துணை. தொல்காப்பியமோ, உரியியலில், உறு என்னும் சொல்லுக்கு மிகுதி என்னும் பொருளையும் கூறுகிறது. உறுபசி என்றால் மிகுந்த பசி என்பது தாங்கள் அறிந்ததே.

ஆலய உறுப்பினர் என்று பெயர் பதிந்து சந்தாப் பணம் கட்டிவிட்டு ஆண்டிற்கு ஒரு முறை தலைகாட்டிச் செல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய பொருள் ஒளிந்திருக்கிறது பாருங்கள்! கையும் காலும் உடலுக்கு எப்படியோ அப்படி இந்த ஆலயத்திற்கு நாம் என்பதே அதன் பொருள். வெட்டுண்ட உறுப்புக்குத் தனி வாழ்வு இல்லை. உறுப்பை இழந்த உடலுக்கும் நிறைவு இல்லை.

சிலர் மேடைகளில், துறவு என்பதில் உள்ள முதல் எழுத்தை நீக்கினால் உறவு என்று நயம்படக் கூறுவார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேரால் வேறு. துற என்றால் விடுதல், உறு என்றால் தொடுதல். ஓசை ஒத்திருப்பதாலேயே ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டா.

தொடுதலும் புண்படுதலும்

இந்த உறு என்னும் வேர் நீண்டால் "ஊறு" என்றாகிறது. ஐம்புல உணர்வுகளைத் திருவள்ளுவர் எண்ணும்பொழுது சுவை, ஒளி, ஓசை, நாற்றம் என்பவற்றோடு தொடுவுணர்வை ஊறு என்றே குறிக்கிறார். ஆனால் அதே ஊறு என்னும் சொல்லுக்குத் தீங்கு, காயம் என்னும் பொருளும் இருக்கிறது. ஊறு விளைவித்தான் என்றால் தீங்கு செய்தான் என்று பொருள். நம் மொழியைப் பேசிய முன்னோர், தொடுவதற்கும் புண்படுத்துவதற்கும் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள் என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். தொலைவில் இருப்பவன் நம்மை எப்படிப் புண்படுத்த முடியும்? தொடும் தூரத்தில் இருப்பவனால்தான் முடியும். உறவு என்று ஒன்று இருந்தால் ஊறும் உடன் வரும். ஊறு வந்துவிட்டது என்பதற்காக உறவை அறுப்பவன், முள் குத்தியது என்று காலை வெட்டிக் கொள்பவனுக்கு ஒப்பாவான்.

தொடுதல் என்பதன் அருமையை நாம் புத்தகத்தில் படித்தா அறிந்தோம்? 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததே, அன்று அறிந்தோம். கோயில்களின் கதவுகள் அடைக்கப்பட்டன. பக்கத்து ஊரில் இருந்த தாயைப் பிள்ளைகள் சென்று காண முடியவில்லை. இறந்தவரின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குரல் கேட்டது, உருவம் தெரிந்தது. ஆனால் தொட முடியவில்லை. அந்த நாள்களில் நாம் இழந்திருந்தது எதுவோ, அதற்குத்தான் நம் முன்னோர் உறவு என்று பெயர் வைத்தார்கள்.

பிற சொற்கள்

உறவைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்களும் உள்ளன. நம்மைச் சுற்றி நிற்பவர்கள் சுற்றம். ஒரே அடிமரத்தில் பிரிந்தவர்கள் கிளை. அன்பால் நெருங்கியவர்கள் கேளிர். திருவள்ளுவர் "சுற்றந்தழால்" என்று ஓர் அதிகாரமே வகுத்து, கிடைத்ததை மறைக்காமல் தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் காக்கையை நமக்குச் சான்றாகக் காட்டுகிறார். கணியன் பூங்குன்றனாரோ எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லா மக்களையும் தம் கேளிராகவும் கண்டார். தொடர்பு என்றும் ஒரு சொல் உண்டு. பழந்தமிழில் தொடர் என்றால் சங்கிலி என்றும் பொருள்.

வடமொழியிலிருந்து நாம் பெற்றது பந்தம். அதற்கு வேர்ப்பொருள் கட்டு. ஆங்கிலத்தில் கட்டுவதைக் குறிக்கும் பைண்ட், பாண்ட் என்னும் சொற்களும் இதற்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளே என்று மொழியறிஞர்கள் கூறுவர். நன்றாகக் கட்டப்பட்டது சம்பந்தம். ஞானத்தோடு கட்டுண்டவர் திருஞானசம்பந்தர். நம்மோடு கலந்து வாழும் மலாய் அன்பர்களின் மொழியைப் பாருங்கள். அவர்கள் உடன்பிறந்தாரைச் சவுடாரா என்கிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர் என்று பொருள்படும் சோதர என்னும் வடசொல்லே அங்கே அப்படி வழங்குகிறது. நாம் சகோதரர் என்பதும் அதே கருத்துத்தான். குடும்பத்தை அவர்கள் கெலுவார்கா என்பது குலம், வர்க்கம் என்னும் இரு சொற்கள் கூடியது. சொற்களே கடல் கடந்து சென்று உறவு கொண்டாடியிருக்கின்றன. அவற்றைப் பேசும் மக்களாகிய நாம் மட்டும் ஒதுங்கி நிற்கலாமா?

நம் மண்ணில் உறவு

நம்முடைய முன்னோர் இந்த மண்ணுக்கு வந்ததே உறவென்னும் கயிற்றைப் பிடித்துக் கொண்டுதான். கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, தன் பங்காளியையும் மாமன் மகனையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வந்தார். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரையில் அந்த முறை நீடித்தது. அதில் நன்மையும் இருந்தது, கொடுமையும் இருந்தது. உறவை நம்பிக் கப்பலேறியவர்கள் கடனாளிகளாகவும் ஆக்கப்பட்டார்கள். ஆயினும் லயத்து வீடுகளில், இரத்த சம்பந்தம் சிறிதும் இல்லாதவர்கள்கூட அண்ணன், அக்காள், மாமன், மச்சான் என்று முறை வைத்து அழைத்துக் கொண்டார்கள். ஊரில் விட்டு வந்த சுற்றத்தை வாய்ச்சொல்லாலேயே இங்கு மீண்டும் கட்டி எழுப்பினார்கள்.

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் கெல்லி கோட்டையை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். வெளியூரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் சென்று காட்டியும் இருப்பீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து 1890ஆம் ஆண்டில், இருபது வயதில் மலாயாவுக்கு வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டில் அம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அங்கே உழைத்த தமிழர்களிடையே கொடிய நச்சுக் காய்ச்சல் பரவி உயிர்கள் பலியாயின. மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமென்று தொழிலாளர்கள் கேட்க, அவர் கட்டிக் கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கோட்டைக்கு அருகில் உள்ள அந்தக் கோயிலின் மேற்புறத்தில், தெய்வத் திருவுருவங்களுக்கு நடுவே, வெள்ளை உடையணிந்த அந்தத் துரையின் உருவத்தையும் நம்மவர்கள் வைத்தார்கள். 1926ஆம் ஆண்டில் லிஸ்பனில் அவர் மறைந்தார். மாளிகை முற்றுப் பெறாமலே நின்றுவிட்டது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கட்டணம் செலுத்திச் சுவர்களைப் பார்த்துச் செல்கிறார்கள். கோயிலிலோ இன்றும் விளக்கு எரிகிறது. செல்வம் கட்டியதைக் காட்டிலும் உறவு கட்டியது நிலைத்திருப்பதற்கு, நம் ஊருக்கு அருகிலேயே இப்படியொரு சான்று இருக்கிறது.

சம்பந்தம் என்னும் சொல்லைச் சொன்னேன். நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்களை நினைக்காமல் அச்சொல்லைக் கடந்து செல்ல இயலாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்ற காலம் அது. 1960ஆம் ஆண்டில் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோறும் நேரில் சென்று, மாதம் 10 வெள்ளி சேர்த்து வையுங்கள் என்று பாட்டாளிகளைக் கேட்டுக் கொண்டார். அந்தச் சிறு பணம் ஒன்று திரண்டு, 1961ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. ஒருவனுடைய 10 வெள்ளியால் ஒரு பால்மரத்தைக்கூட வாங்க முடியாது. பலருடைய 10 வெள்ளி ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டபொழுது தோட்டமே கைக்கு வந்தது.

இன்று அந்தத் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் இல்லை. சில செம்பனையாயின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் மறைந்தன. நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். திருவிழா நாளில் மட்டும் இங்கே வந்து கூடுகிறார்கள். அவர்களில் பலருக்குச் சித்தப்பா யார், பெரியப்பா யார், தாய்மாமன் யார் என்று தெரிவதில்லை. எல்லாரும் அங்கிள், எல்லாரும் ஆன்ட்டி. அது பிள்ளைகளின் குற்றமன்று, சொல்லிக் கொடுக்காத நம்முடைய குற்றமே. சித்தப்பா என்றால் சிறிய அப்பா. பெற்ற அப்பா ஒருவர் போனாலும் பிள்ளைக்கு இன்னும் அப்பாக்கள் இருக்கிறார்கள் என்று அந்தச் சொல்லே உறுதி கூறுகிறது. சொல்லை இழந்தால் அந்த உறுதியையும் இழந்துவிடுவோம்.

இறைவனோடு உறவு

நம் அருளாளர்கள் இறைவனைக் கண்டு அஞ்சி ஓடவில்லை, அவனோடு முறை வைத்து உறவு கொண்டாடினார்கள். அப்பர் பெருமான் தம்மை அடிமையாக வைத்துப் பாடினார். சம்பந்தர் மகனாக நின்றார். சுந்தரர் தோழராகி, தூது போகும்படியே இறைவனைக் கேட்டார். அப்பர் தம் தாண்டகம் ஒன்றில் அப்பனும் அம்மையும் மட்டுமல்லாமல் மாமனும் மாமியும்கூட இறைவனே என்று வரிசைப்படுத்துகிறார். லயத்து வீட்டில் நாம் செய்ததைத்தான் அவர் சந்நிதியில் செய்தார்.

ஆண்டாள் நாச்சியார் திருப்பாவையின் இருபத்தெட்டாம் பாசுரத்தில் நாம் பேசிக் கொண்டிருக்கும் உறவு என்னும் இச்சொல்லையே எடுத்து ஆளுகிறார். நாங்கள் மாடுகளின் பின்னே காட்டில் திரிபவர்கள், கல்வியறிவு இல்லாதவர்கள், ஆயினும் கண்ணா, உனக்கும் எங்களுக்கும் உள்ள உறவை உன்னாலும் அழிக்க முடியாது, எங்களாலும் அழிக்க முடியாது என்று ஆயர் சிறுமியர் கூறுவதாக அமைத்திருக்கிறார். பால்வாளியைத் தூக்கிக் கொண்டு விடியுமுன் நிரைக்குச் சென்ற நம் தாய்மார்களும் அம்மன் முன்னே நின்று இப்படித்தானே பேசினார்கள்! எந்த மந்திரம் அவர்களுக்குத் தெரியும்? "ஆத்தா" என்ற முறைப்பெயர் ஒன்றுதான் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அப்பர் பெருமான் நீற்றறையில் இடப்பட்டபோது பாடியருளியதாகப் போற்றப்படும் ஐந்தாம் திருமுறைப் பதிகத்தின் நிறைவுப் பாடலில் ஓர் அரிய சொல் வருகிறது. அது உறவுகோல் என்பது. விறகுக்குள் நெருப்பும் பாலுக்குள் நெய்யும் மறைந்திருப்பதுபோல் இறைவன் மறைந்திருக்கிறான். உறவு என்னும் மத்தை நட்டு, உணர்வு என்னும் கயிற்றைக் கட்டி, இறுக இழுத்துக் கடைந்தால் அவன் நம் முன்னே வந்து நிற்பான் என்பது அப்பாடலின் கருத்து.

தோட்டத்தில் எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. என் தாயார் விடியற்காலையில் தயிர் கடைவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு நாள் நானும் கயிற்றைப் பிடிக்க ஆசைப்பட்டேன். ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறு முனையைத் தாயார் பிடித்துக் கொண்டார். நான் என் வலிமை முழுவதையும் காட்டி இழுத்தேன், விடவே இல்லை. மத்து நின்றுவிட்டது. "நீ இழுக்கும்போது நான் விடணும், நான் இழுக்கும்போது நீ விடணும். ரெண்டு பேரும் இழுத்தா மத்து சுத்தாதுடா" என்றார் தாயார். அப்பரின் பாடலுக்கு அதைவிடச் சிறந்த உரையை நான் இதுவரையில் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

என் குடும்பத்தில் நேர்ந்தது

இவ்வளவும் பேசுகிறாயே, நீ நடந்து காட்டினாயா என்று தாங்கள் கேட்கலாம். ஆகையால் ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறேன். என் தந்தையாரும் சித்தப்பாவும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறியபொழுது கிடைத்த ஒரு சிறு தொகையைப் பங்கிடுவதில் அவர்களுக்குள் சச்சரவு மூண்டது. இருவரும் கயிற்றை இழுத்தார்கள், ஒருவரும் விடவில்லை. பதினோர் ஆண்டுகள் பேச்சு இல்லை. இதே ஆலயத்தில் ஒருவர் காலைப் பூசைக்கு வந்தால் மற்றவர் மாலைப் பூசைக்கு வருவார். என் திருமண அழைப்பிதழைச் சித்தப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தந்தையார் கூறினார். நான் படித்தவன், உத்தியோகம் பார்ப்பவன், ஆயினும் கொடுக்கவில்லை. அப்பா சொன்னார் என்று இன்றும் நான் சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவன்று. கொடுக்கச் சென்றால் சித்தப்பா என்ன சொல்வாரோ என்ற அச்சமே என்னைத் தடுத்தது.

தந்தையார் இறந்த அன்று பிற்பகல், சித்தப்பா வந்து வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர், குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக் கொண்டு நின்றார்கள். நான் அருகில் சென்றேன். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "நெய்ப்பந்தம் புடிக்கப் புள்ளைங்க போதுமாப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது ஒரே மகன், மூன்று வயது. "போதாது சித்தப்பா, உள்ள வாங்க" என்றேன். அன்று அந்தப் பிள்ளைகள் என் மகனை நடுவில் நிறுத்திக் கொண்டு பந்தம் பிடித்தார்கள்.

பந்தம் என்றால் கட்டு, பந்தம் என்றால் கையில் ஏந்தும் தீ. அந்த இரண்டு பொருளும் ஒரு சொல்லில் எப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நான் அன்று உணர்ந்தேன். ஆனால் அதைக் காண என் தந்தையார் கண் திறந்திருக்கவில்லை. பதினோர் ஆண்டுகளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அந்தப் படலையைத் திறந்து சென்றிருந்தால் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரு குவளைத் தேநீராவது அருந்தியிருப்பார்கள். அந்தக் கணக்கை இனி நான் எந்த ஏட்டில் எழுதி நேர் செய்வேன்?

வேண்டுகோள்

அன்பர்களே! இங்கே அமர்ந்திருப்பவர்களில், இதே மண்டபத்தின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரோடு பேசாமல் இருப்பவர்கள் உண்டு. யாரென்று நான் பெயர் கூறப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். கயிற்றின் ஒரு முனை உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் விட்டுக் கொடுத்தால் தோற்றுவிட்டதாகப் பொருளன்று, மத்து சுற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இன்னும் சற்று நேரத்தில் அன்னதானப் பந்தி தொடங்கும். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, இவர் உனக்குப் பெரியப்பா, இவர் அத்தை, இவர் உன் பாட்டியோடு ஒரே லயத்தில் இருந்தவர், உனக்குத் தாத்தா முறை என்று முறை சொல்லி அறிமுகப்படுத்துங்கள். பேசாமல் இருப்பவரின் இலைக்கு அருகில் இன்று உங்கள் இலையைப் போடுங்கள். வேறொன்றும் பேச வராவிட்டால், "சாம்பார் வேணுமா?" என்று கேளுங்கள். என் சித்தப்பா அதைக் காட்டிலும் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

நம் பொருளாளர் அடுத்த பொதுக் கூட்டத்தில் வரவையும் செலவையும் வாசிப்பார். உறவின் கணக்கை வாசிப்பவள் கருவறையில் இருக்கிறாள். அவள் முன்னிலையில் நம் கணக்கு நேராக இருக்க அவளுடைய திருவருளே துணை நிற்கட்டும் என்று வேண்டுகிறேன்.